வெள்ளையடித்த சுவரும் வில்லங்கச் சான்றும்

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே பழமலைநாதரைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றதும், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்ததும் பலருக்கும் தெரிந்த கதை. அதற்குள் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு செய்தி இருக்கிறது. ஆற்றில் போடுவதற்கு முன் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துணுக்கை மாதிரிக்கு வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டார் சுந்தரர் என்கிறது பெரியபுராணம். குளத்தில் எடுத்ததை அந்த மாதிரியோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. மறுபடி பாடினார், குறை தீர்ந்தது. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் இருக்கிறார். கொடுத்தவர் கடவுளே ஆனாலும், பொருள் கைக்கு வந்த இடத்தில் உரைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்ற வழக்கம் இந்த ஊரின் புராணத்திலேயே பதிந்திருக்கிறது.

ஊரின் தொழிலிலும் அது உண்டு. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் உருவாகி, 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை அள்ளியபோது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வெளியே வந்தது. அருகிலிருந்த விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்ற அது பெரிய காரணம். தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்க அரசுக் கல்வி நிலையம் வந்தது. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கழிப்பறைக் கோப்பை, பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று சிறு கூடங்களில் பிறந்த சரக்கு வெளியூர்களுக்குப் போனது. விழுப்புரம்–திருச்சி பாதையும் கடலூர்–சேலம் பாதையும் சந்திக்கும் ரயில் நிலையம் ஊரிலேயே இருந்தது.

சூளையிலிருந்து இறக்கிய சரக்கைத் தரம் பிரிப்பவர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. ஒரு கையில் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியாலோ சிறு கட்டையாலோ விளிம்பில் தட்டுவார். 'கிண்' என்று ஒலி நீண்டால் சரக்கு முழுசு. 'டொக்' என்று அங்கேயே அடங்கிப் போனால் உள்ளே மயிரிழை விரிசல். கிளேசின் பளபளப்புக்குக் கீழே ஓடும் அந்த விரிசல் பார்வைக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது.

காதுக்கும் தப்புகிற குறை ஒன்று உண்டு. சூட்டில் சரியாக வேகாத பீங்கான் உடல், காற்றிலும் நீரிலும் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும், உறிஞ்சியபடி மிகச் சிறிய அளவில் பருக்கும். மேலே உள்ள கிளேஸ் அதற்கு ஈடுகொடுக்காது. விற்றுப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழிந்த பிறகு, வாங்கியவர் வீட்டில் அந்தக் கிளேசில் வலைப்பின்னலாக வெடிப்பு தோன்றும். இதைக் கண்டுபிடிக்கவென்றே, சரக்கை நீராவி அழுத்தத்தில் வைத்துப் பல ஆண்டு ஈரத்தைச் சில மணி நேரத்தில் ஏற்றிப் பார்க்கும் சோதனை பீங்கான் துறையில் இருக்கிறது. குறை வெளியே தெரிய எத்தனை நாளாகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட தொழில் இது.

இதே ஊரில், பீங்கான் கோப்பையைப் போல எத்தனையோ ஆயிரம் மடங்கு விலையுள்ள ஒரு வீட்டை வாங்குகிறவர் எதைத் தட்டிப் பார்க்கிறார்?

வாடகைக்கு விடவென்று வீடு வாங்குவது விருத்தாசலம் போன்ற ஊர்களில் பழைய முதலீடு. சந்திப்பு ரயில் நிலையம், நீதிமன்றம், அரசு அலுவலகங்கள், கல்லூரி, பேட்டை, கூப்பிடு தூரத்தில் நெய்வேலி: குடியிருக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்தவர்கள், நாலைந்து குடித்தனம் உள்ள லைன் வீடு ஒன்றை வாங்கிப் போட்டால் மாதம் பிறந்ததும் வாடகை வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். வாங்குமுன் முப்பது வருட வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து 'லீகல் ஒப்பீனியன்' வாங்குகிறார்கள். வாஸ்து பார்க்கிறார்கள். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்ப்பவர் சிலர். செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்பவர் அதிலும் சிலர். பத்திரம் முடிந்து முதல் ஐப்பசி மழையில்தான் வீடு தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறது.

காகிதத்தை இவ்வளவு நுணுக்கமாகவும் கட்டடத்தை இவ்வளவு மேலோட்டமாகவும் பார்க்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளைப் பார்த்தால், நான்கு எல்லைகள், மேலே வளர்ந்த மரங்கள், கீழே இறங்கிய கிணறுகள், வாங்கிய விலை, அந்த விலையை முழுதும் பெற்றுக்கொண்ட ஒப்புதல் என்று ஒவ்வொன்றும் விடாமல் எழுதப்பட்டிருக்கும். அன்று மதிப்பு முழுதும் மண்ணில் இருந்தது. மேலே நின்ற குடில் மண் சுவரும் கூரையும்தான், கெட்டால் அடுத்த கோடையில் வேறு கட்டிக்கொள்ளலாம். ஆகவே பயமெல்லாம் உரிமையைப் பற்றியே இருந்தது: விற்கிறவனுக்குச் சொந்தமா, பங்காளி எவனாவது வருவானா, அடமானம் இருக்கிறதா? இன்றைய கிரையப் பத்திரமும் அதே பயத்தைத்தான் எழுதுகிறது. யாதொரு வில்லங்கமும் இல்லை, பிற்பாடு ஏதாவது கிளம்பினால் விற்பவரே முன்னின்று சொந்தச் செலவில் தீர்த்துத் தருவார் என்ற வாசகம் இல்லாத பத்திரத்தைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் பராமரிக்கப்படும் குறியேடுகளிலிருந்து எடுக்கப்படும் வில்லங்கச் சான்றில் விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் இருக்கும். கூரைக்குள் துருப்பிடித்த கம்பி அதில் வராது.

பழைய நூல்களில் வேறொரு வழியும் தெரிகிறது. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தை விற்கும்போது, அக்கம்பக்கத்துக் குடும்பத்தார் கூடியிருக்க, அந்த வீட்டின் முன்பாகவே அறிவிக்க வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். எல்லைத் தகராறு வராமலிருக்கவும், வாங்கும் முன்னுரிமை உள்ளவர்களுக்குத் தெரியவும் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஒரு வீட்டில் எந்த மூலை ஒழுகும், எந்தக் கிணறு சித்திரையில் வற்றும் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இருக்காது. அவர்கள் நடுவில் பேசி முடிக்கிற விலையில் குறையை ஒளிப்பது கடினமாகவே இருந்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வியாபாரம் இடம்பெயர்ந்தபோது அந்த அக்கம்பக்கம் காட்சியிலிருந்து விலகிவிட்டது.

வாடகை வீட்டின் மறைந்த குறை பற்றி உலகில் பதிவான பழைய வழக்குகளில் ஒன்று ரோமாபுரியில் நடந்தது. சிசெரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் அதைச் சொல்கிறார். டைபீரியஸ் கிளாடியஸ் சென்டுமாலஸ் என்பவருக்குக் கேலியன் குன்றில் கட்டடம் இருந்தது. பறவைச் சகுனம் பார்க்கும் அரசுப் பூசாரிகள், தங்கள் பார்வையை அது மறைக்கிறது, உயரமான பகுதியை இடித்துவிட வேண்டும் என்று அவருக்கு உத்தரவிட்டார்கள். அவர் இடிக்கவில்லை. வாடகைக்கு விடும் அந்தக் கட்டடத்தை விற்பனைக்கு அறிவித்தார். கல்பூர்னியஸ் லனாரியஸ் வாங்கினார். அதே உத்தரவு இப்போது அவர் வாசலுக்கு வந்தது. இடித்த பிறகுதான், உத்தரவு முன்பே வந்திருந்தது, விற்றவர் தெரிந்தே மறைத்துவிட்டார் என்று அவருக்குத் தெரிந்தது. வழக்கு மார்க்கஸ் கேட்டோவிடம் வந்தது. குறையைத் தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்றவர் வாங்கியவரின் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். ரோமானிய மதுச் சாடிகள் நம் கடலூர்க் கரைக்கு வடக்கே அரிக்கமேட்டில் வந்து இறங்கிய காலத்துக்குச் சற்று முந்தைய தீர்ப்பு இது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. கட்டடத்தின் குறையைப் பொறுத்தவரை வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவிதி. அந்த விதியை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கலாம், கொண்டுவரவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் கேட்டோவின் பக்கம் சாய்ந்தது. அப்போது வைஸ்ராய் அவையின் சட்ட உறுப்பினராக இருந்தவர் டப்ளினில் பிறந்த விட்லி ஸ்டோக்ஸ், கெல்டிக் மொழிகளில் பெரும் புலமை உள்ளவர். அந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவின் முதல் வாசகமே விற்பவரின் வாயைத் திறக்கச் சொல்கிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதே பிரிவின் கடைசி வரி இன்னும் கடுமையானது: சொல்லாமல் விடுவது மோசடி.

சொத்தின் குறை என்று சட்டம் எழுதியதில் கட்டடமும் அடங்கும். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வரி அமலில் இருக்கிறது. அதை உரிமைக் குறைக்கு மட்டுமே உரிய வரியாக எண்ணி, கட்டடக் குறைக்கு 'பார்த்துத்தானே வாங்கினீங்க' என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

சிக்கல் சாதாரணக் கவனம் என்ற இடத்தில் இருக்கிறது. எது வரை பார்த்தால் அது சாதாரணக் கவனம்? விருத்தாசலத்துப் பழைய தெருக்களில் நிற்கும் மெத்தை வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் கூரை அது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன்மேல் கட்டைகள், கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். நூறு வருடம் நிற்கும். உத்தரத்தின் நடுப்பகுதியைக் கீழிருந்து பார்த்தால் வழவழவென்று வார்னிஷ் மின்னும். கெடுவது நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் செருகியிருக்கும் ஒரு முழ நீளம். தட்டோட்டு இடுக்கில் இறங்கும் நீர் சுவர் வழியாக அங்கேதான் சேரும், ஈரம் தேடி வரும் கரையானும் அங்கேதான் நுழையும். அனுபவமுள்ள கொத்தனார் சுவரை ஒட்டிய இடத்தில் உளியின் பின்புறத்தால் தட்டுவார், கூர்முனையால் ஒரு குத்துக் குத்துவார். உளி உள்ளே போய்விட்டால் அந்த வீட்டின் விலை வேறு.

புதிய கட்டடங்களில் குறைகள் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டன. முன்பு சுவருக்கு வெளியே ஓடிய குழாய் இப்போது பூச்சுக்குள் ஓடுகிறது. குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி, உடைகல் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். அதற்குள் ஒரு மூட்டு கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில்தான் முதலில் தெரியும். வட்டாரத்தில் முந்திரி விளையும் செம்மண் ஒரு பக்கம் என்றால், மழையில் பருத்து வெயிலில் வெடிக்கும் கரிசல் இன்னொரு பக்கம். கரிசலில் ஆழமில்லாத அடித்தளம் போட்டால் கதவு நிலை ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஏறும். இத்தகைய மண்ணுக்கென்று ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அடி பருத்த கான்கிரீட் கால்களை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. சின்ன ஊர்க் கட்டடங்களில் அதைப் போட்டிருக்கிறார்களா என்று வெளியே நின்று சொல்ல முடியாது. விரிசலை அடைத்துப் பட்டி பார்த்து இரண்டு கோட் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரு கோடை வரை எவருக்கும் தெரியாது. விற்பனைக்கு வந்த வீட்டில் ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

உப்பு இன்னொரு எதிரி. இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உவர் நீரில் கலந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட்டைப் பிளக்கும். 2022 பிப்ரவரியில் குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ அடுக்ககத்தின் ஒரு பகுதி சரிந்து இருவர் இறந்தார்கள். டெல்லி ஐஐடி ஆய்வு கண்டது இதைத்தான்: கான்கிரீட்டில் குளோரைடு, உள்ளே துரு.

புதுக் கட்டடம் வாங்குவோருக்குச் சட்டம் மெல்ல மெல்லத் துணைக்கு வந்திருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். அருகில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால் கட்டியவரே முப்பது நாளில் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் விருத்தாசலத்தில் கைமாறும் லைன் வீட்டுக்கு இதில் எதுவும் எட்டாது. ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு விற்கும் பழைய வீட்டுக்கு 1882ஆம் ஆண்டு வரிதான் துணை.

வாடகை வீட்டை வாங்கியவருக்கு இதில் இரட்டைச் சுமை. தான் குடியிருக்கும் வீடு ஒழுகினால் பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம். வாடகைக்குக் குடியிருப்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. குடியிருப்பவரோடு சேர்த்து வீட்டை வாங்கியவர், பழைய உரிமையாளரின் உரிமைகளோடு கடமைகளையும் ஏற்கிறார் என்கிறது அதே சட்டத்தின் 109ஆவது பிரிவு. மறைந்த குறையை வாடகைக்கு வருபவரிடம் சொல்லும் கடமை 108ஆவது பிரிவில் இருக்கிறது. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை நோட்டீஸ் கொடுத்தும் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தானே செய்து வாடகையில் வட்டியோடு கழித்துக்கொள்ளலாம் என்பதும் அங்கேதான்.

இந்தப் பழுதுபார்ப்புக் கடமைக்குள்ளும் ஒரு வரலாறு கிடக்கிறது. போர்க்காலத்தில், 1941இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949, 1960 என்று சட்டங்கள் தொடர்ந்தன. ஏழைக் குடித்தனக்காரரைக் காத்த சட்டங்கள் அவை, அதில் ஐயமில்லை. உறைந்துபோன வாடகைக்குப் பழுதுபார்க்க உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை என்பதும் உண்மை. பல பழைய வீடுகள் விலைக்கு வரும்போது பல பத்தாண்டுப் பழுதுகளைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய தமிழ்நாட்டுச் சட்டம் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியலே போட்டுவிட்டது. குழாய் வாஷர், வாஷ் பேசின், கழிப்பறைக் கோப்பை, சுவிட்சு, பூட்டு, கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டமைப்பு, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின் வயரிங் உரிமையாளர் பொறுப்பு. விருத்தாசலத்துச் சூளையில் வெந்து வெளியே தெரிகிற பேசின் குடியிருப்பவருக்கு, அதன் பின்னே சுவருக்குள் ஒளிந்திருக்கும் குழாய் உரிமையாளருக்கு. மறைந்திருப்பதெல்லாம் வாங்கியவர் தலையில்தான் விடியும்.

ஆகவே, வாங்கிய பிறகு குறை வெடித்தால் முதல் வேலை உடைப்பது அல்ல. பதற்றத்தில் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டால் சாட்சியும் குப்பையோடு போய்விடும். தேதியோடு படம் எடுத்து, தகுதியுள்ள கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, விற்றவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகே கை வைக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியது குறை இருந்ததை மட்டும் அல்ல, விற்றவருக்கு அது தெரிந்திருந்ததையும். பழைய பழுதுபார்ப்பு ரசீது, வேலை செய்த கொத்தனாரின் வாக்குமூலம், அதே இடத்தில் அடுக்கடுக்காகப் பூசிய பட்டி எல்லாம் அதற்கு உதவும். மோசடி என்றால், அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் காலவரம்பு ஓடத் தொடங்கும் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் சொல்கிறது. வழக்கு நீளும் என்பது உண்மைதான். ஆனால் பொறியாளர் அறிக்கையோடு பெரியவர்கள் முன் உட்கார்ந்தால், பழுதுச் செலவில் ஒரு பகுதியாவது பேசித் தீரும் வாய்ப்பு உண்டு.

எல்லோரையும்விட நல்ல சாட்சி அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார். வாங்குகிறவர் அவரிடம் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார். சொத்தில் குடியிருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று 1929ஆம் ஆண்டுத் திருத்தம் சொத்து மாற்றுச் சட்டத்தில் எழுதி வைத்தது. அதாவது போய்க் கேள் என்று சட்டமே அனுப்புகிறது. போன இடத்தில் இன்னும் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: போன மழையில் எங்கே ஒழுகியது, செப்டிக் டேங்க் வருடத்தில் எத்தனை தடவை நிரம்புகிறது, கடைசியாக எந்தச் சுவரைப் பூசினார்கள்?

விருத்தாசலத்திலும் மற்ற ஊர்களிலும் கிரையப் பத்திரம் தயார் செய்யும் பத்திர எழுத்தர்களுக்கும் வக்கீல்களுக்கும் ஒரு வேண்டுகோள். வில்லங்கம் இல்லை என்று எழுதும் பத்திக்குக் கீழே இன்னொரு பத்தியைச் சேர்த்து எழுதுங்கள்: கூரை, அடித்தளம், குழாய், வயரிங், கழிவுத் தொட்டி ஆகியவற்றில் தனக்குத் தெரிந்த பழுதுகள் இவை, இவை தவிர வேறு இல்லை என்று விற்பவர் உறுதி சொல்லும் பத்தி. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1882இலிருந்து சொல்ல வேண்டியதாக இருப்பதை எழுத்தில் வாங்கினால் போதும், நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தக் கையெழுத்தே சாட்சி சொல்லும்.